ஸ்லோ ஸ்பீடு

இருபது டிகிரியைக் குளிர் என்றால்
ஊட்டிக்காரன் சிரிப்பான்.
பொன்மனையில் நாங்கள் அதற்கே
காதுக்குத் துண்டு கட்டுவோம்.
எனக்க வண்டியும் இந்த ஊர்தான்.

மார்கழி. விடிய மூன்றே முக்கால்.
ரப்பர் மரங்களுக்கிடையே
பால்வெட்டுகிறவர்களின் நெற்றிவிளக்குகள்
குனிந்தும் நிமிர்ந்தும் போகின்றன.
பின்னால் நாற்பது மட்டிக்குலை
வாழைச்சருகு போர்த்திக் கிடக்கிறது.
சாவியைப் பாதி திருப்பி
சுருள் விளக்கு அணையும்வரை
பன்னிரண்டு எண்ணுகிறேன்.
வாங்கிய புதிதில் எட்டு போதும்.

இரண்டு இருமல்.
வெள்ளைப் புகை மரச்சீனிக்குள் போய் ஒளிகிறது.
பிறகு பிடிக்கிறது பார் ஒரு கத்தல்.
ஆக்சிலேட்டரில் என் கால் இல்லை
கியர் விழவில்லை
நின்ற நிலையில் நிற்கிற வண்டி
மலையேறுகிறது.
முள் வைத்த மீட்டர் இதில் கிடையாது
காதுதான் மீட்டர்.

தக்கலை ஒர்க்‌ஷாப்பில் இஸ்ரவேல்
பம்பைத் தொட்டுக் காட்டினான்:
"இதுக்குள்ள கொஞ்சம் மெழுகு உண்டு.
தணுத்தா சுருங்கும், சுருங்கினா லிவரை இழுக்கும்.
தண்ணி சூடானா வீங்கும், விட்டுடும்.
கேடு ஒண்ணும் இல்ல. நீ சும்மா இரி."

குருசடியில் உருகி வழியும் மெழுகைக்
கண்டிருக்கிறேன்.
இரண்டு டன் இரும்பை
விரல்நுனி அளவு மெழுகு
அதட்டி வைத்திருப்பது தெரியாது.

சும்மா இருக்க மதில் விடவில்லை.
மதிலுக்கு அந்தப் பக்கம் புளோரன்ஸ்.
அண்டி ஆபீசில் தோல் உரிக்கிறவள்
கை கழுவினாலும் விரல் கறுப்பு போகாது.
கடைசிப் பையனுக்கு இளைப்பு.
ஜன்னலைத் திறந்து கேட்டாள்:
"ஆளைக் கொல்லுததுக்கா ஸ்டார்ட் செய்யுதீரு?"
"தணுப்புக்கு அது அப்படித்தான்."
"எங்களுக்கும் தணுப்புதான்.
நாங்க கத்துனோமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அன்றைக்கே திருப்புளி எடுத்து
ஸ்குருவைக் கால் சுற்று இறக்கினேன்.

மறுநாள் கத்தல் இல்லை.
முனகிற்று, ஸ்டியரிங் நடுங்கிற்று,
கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை நடுங்கிற்று,
கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் நின்றேபோயிற்று.
இருட்டில் மறுபடி பன்னிரண்டு எண்ணி
வடசேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது
முதல் ஏலம் முடிந்திருந்தது.
குலைக்கு முப்பது ரூபாய் போச்சு.
இப்படியே மூன்று நாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம்
புளோரன்ஸ் மதிலருகே வந்தாள்.
நன்றி சொல்லத்தான் என்று
நானும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.
"ரெண்டு நாளா நாலரை பஸ்சை விட்டாச்சு.
அரைச்சம்பளம் பிடிச்சிட்டான்.
உமக்க வண்டிக்கு என்ன கேடு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
திருப்புளியை எங்கே வைத்தேன் என்று
தேடப் போனேன்.

இப்போது ராத்திரியில்
வண்டியின் பின்பக்கத்தை
ரோட்டுக்குத் திருப்பி நிறுத்துகிறேன்.
புகை பையனுக்குப் போகாது
சத்தம் அவளுக்குப் போகும்.

மிச்சம் எனக்கு ஒரே ஒரு ஆசை.
மெழுகு கைவிடும் அந்த நொடியைக்
காதால் பிடிக்க வேண்டும்.
ஆறு நிமிடமோ ஏழோ
வீல் மேல் தாடையை வைத்துக் காத்திருப்பேன்.
அவள் வீட்டில் லைட் விழும்.
வாளியில் தண்ணீர் சாயும்.
பையன் இருமுகிறானோ என்று
ஒரு காது அங்கோட்டுப் போகும்.
திரும்பி வந்து பார்த்தால்
எனக்குச் சொல்லாமலே
எப்போதோ தணிந்து
டுக் டுக் டுக் என்று நிற்கிறது வண்டி,
கத்தினது வேறு யாரோ என்பதுபோல.

நாளைக்குப் பிடிப்பேன்.
முதல் கியர்.