நிகர எடை

பதினோரு தாள் திட்டப்படம்.
எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரன் வரைந்து
முப்பத்தெட்டு வெள்ளிக்கு விற்றது.
டட்சன் நூற்றிருபது வை,
எட்டில் ஒரு பங்கு அளவில், மரத்தில்.
பீடோங் கடைத்தெருவில் அச்செடுத்தேன்.
ஐந்தாம் தாளில் மை தீர்ந்து
ஓட்டுநர் கதவு பாதியில் மங்கிவிட்டது.
கடைப் பையன் அதற்கும் காசு வாங்கிக்கொண்டான்.

அவன் ஊரில் ஸ்டேரிங் இடப்பக்கம்.
நம் சாலையில் அப்படி ஓட்டினால்
முதல் வளைவிலேயே பழ லோரி அடித்துவிடும்.
அச்சுப் பக்கம் வெளியே பார்க்க
தாள்களை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி
வெயில் ஊடுருவும் நேரமாய்ப் பார்த்து
கோடு கோடாகத் திருப்பி வரைந்தேன்.
எண்களும் சேர்ந்து திரும்பிக்கொண்டன.
மூன்றை மூன்றென்று படிக்க ஒரு வாரம் ஆயிற்று.

நான் செம்பனை ஆலையில் எடைக் கிராணி.
லோரி பழத்தோடு ஏறினால் ஓர் எண்.
கொட்டிவிட்டு வந்தால் இன்னோர் எண்.
கழித்தால் பழம்.
பன்னிரண்டு வருடமாய்ப் பகலில் கழித்தல்.
இப்போது ராத்திரியில் வகுத்தல்.

கதவுக் கைப்பிடி நூற்றிருபது மில்லிமீட்டர்;
எட்டால் வகுத்தால் பதினைந்து.
பழக்கம் கையை மீறிப் போனது.
பக்கத்து வீட்டுச் சன்னாசி
இருபத்தொரு சென்டிமீட்டர் உயரம்.
என் சம்பளம் இருநூற்றுப் பதினைந்து வெள்ளி.
நாத்தனார் பேச்சு மட்டும்
எட்டால் வகுத்தாலும் அதே நீளம்.

வால்நட் மரம் என்று எழுதியிருந்தான்.
இங்கே வால்நட் கேக்கில்கூட இல்லை.
சுங்கை பட்டாணி நாற்காலித் தொழிற்சாலை
கிலோக் கணக்கில் தள்ளிவிடும்
ரப்பர்மரத் துண்டுகள் உடம்புக்கு.
இடித்த வீட்டின் மெர்பாவ் நிலை சக்கரத்துக்கு.
இரும்பு நாரை வினிகரில் ஊறப்போட்டுப் பூசினால்
மெர்பாவ் தானே கறுக்கும், டயர் மாதிரி.
வீடு இரண்டு நாள் ஊறுகாயாய் நாறியது.
கூரையை இட்லிக் குண்டான் ஆவியில் வளைத்தேன்.
மூன்று கூரை வெடித்தது.
நாலாவது, என்ன நினைத்ததோ, வளைந்தது.

மங்கிய கதவுக்காகச் சோங்கின் பட்டறைக்குப் போனேன்.
கொல்லையில் செங்கல் மேல் ஒரு நிஜ டட்சன்,
உள்ளே கோழி.
வெர்னியரை எடுத்தேன்.
“வாங்கப் போறியா?”
“இல்லை, செய்யப் போறேன்.”
என்னை மேலும் கீழும் பார்த்தவன்
கையைத் துடைத்துக்கொண்டு வந்து
கோழியை விரட்டி, கதவைத் திறந்து பிடித்தான்.

ஓர் அளவும் மற்ற தாள்களோடு சேரவில்லை.
விளிம்பு ஆறு மில்லிமீட்டர் தள்ளி.
மறுபடி அளந்தேன். மறுபடியும் ஆறு.
“அது வேற வண்டிக் கதவு,” என்றான் சோங்,
நான் வியர்த்து முடித்த பிறகு.
“எண்பத்தொண்ணுல மாட்டினேன். மூடுது இல்ல?”
மூடியது. ஓங்கி அடித்தால்.

எந்தத் திட்டப்படத்திலும் அப்படி ஒரு கதவு கிடையாது.
நான் அதைத்தான் செய்தேன்.
முக்கால் மில்லிமீட்டர் பிசகைப்
பிசகாமல் செதுக்க
ஒன்பது ராத்திரி பிடித்தது.

முடித்த வாரம் எனக்கு இரவு வேலை.
பழைய கைலியில் சுற்றி எடுத்துப் போனேன்.
விடிகாலை நாலரை, லோரி வரிசை ஓய்ந்திருந்தது.
எடைப் பாலத்தின் இரும்புத் தளம் பனியில் நனைந்து கிடந்தது.
நட்டநடுவில் இறக்கி வைத்துவிட்டு
அறைக்குள் ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.

பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
அந்தப் பாலத்துக்கு எதுவும் உறைக்காது.
ஆனாலும் வண்டி எண் கேட்டது.
கே எட்டு என்று அடித்தேன்.
மொத்த எடை பூஜ்யம். வெறும் வண்டி பூஜ்யம்.
நிகரம் பூஜ்யம்.
எடைக் கிராணி: ப. கோமளவல்லி.

சீட்டை இரண்டாய், நாலாய், எட்டாய் மடித்து
டேஷ்போர்டு அறைக்குள் திணித்தேன்.
மூடி சேரவில்லை; கொஞ்சம் துருத்திக்கொண்டே நின்றது.

அதற்குள் வாசலில் வெளிச்சம், ஹாரன்.
சன்னாசி, பதினோரு டன் பழத்தோடு.
தளத்தில் மண்டியிட்டபடியே கத்தினேன்:
இரு, பாலத்துல வண்டி நிக்குது.