குறிப்பேட்டில் ஏறாதவை

மூப்பர் மன்றம் ஏழு மணிக்கு
ஜெபத்துடன் கூடியது.
எழுவர் வந்திருந்தனர்.
அதுவரை எழுதிவிட்டேன்.

எர்ல் பிட்காக் இருமியதை எழுதவில்லை.
கோட்டைக் கழற்றாமலே
எல்லோரும் உட்கார்ந்ததையும்.
பதினோரு ஆண்டாய் இந்தச் சபையின் எழுத்தர் நான்.
எது ஏறும், எது ஏறாது என்று
என் பேனாவுக்கே தெரியும்.

பொருள் ஒன்று: கொதிகலன்.
வயது எழுபத்திரண்டு.
பழுதுபார்க்க வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்
தொப்பியைக் கழற்றினாராம்,
துக்க வீட்டில் நிற்பவர்போல.
புதிதுக்கு நாற்பத்தோராயிரம் டாலர்.
வங்கியில் ஒன்பதாயிரம்.
தீர்மானம்: ஈஸ்டர் வரை
ஆராதனை அடித்தளக் கூடத்தில்.

ஆக, இப்போது
மாவு மூட்டைகளுக்கும் பீன்ஸ் டப்பாக்களுக்கும் நடுவே
சங்கீதம் வாசிக்கிறோம்.
பியானோவில் மூன்று கட்டைகள் ஊமை.
மேலே வண்ணக் கண்ணாடியில்
நல்ல மேய்ப்பர் தனியாகக் குளிர்கிறார்.
கீழே, காபி மணத்தில்,
பாவ அறிக்கை கொஞ்சம் சுலபமாகத்தான் வருகிறது.

பொருள் இரண்டு: செவ்வாய் இரவு ஆங்கில வகுப்பு.
வருகை பதினான்கு.
ஆஸ்பத்திரியில் இரவுப்பணிக்குப் போகிற வழியில்
சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறாள் கார்னெட் யோடர்.
பூட்டானிலிருந்து முகாம், முகாமிலிருந்து
மனோங்கஹீலா ஆற்றங்கரை என்று வந்து சேர்ந்த
தில்மாயா ராய் போன வாரம் கேட்டாள்:
'ஒரு' எங்கே போடுவது, 'அந்த' எங்கே?
முதல் தடவை சொல்லும்போது 'ஒரு',
தெரிந்துபோன பிறகு 'அந்த', என்றாள் கார்னெட்.
தில்மாயா நோட்டில் எழுதினாள்:
ஒரு பாலம். அந்தப் பாலம்.
ஒரு பேருந்து. அந்தப் பேருந்து.
ஒரு சர்ச்.
பென்சிலை நிறுத்திச்
சுற்றிலும் பார்த்தாள்.
காகிதக் கோப்பைகளை எண்ணுகிற சாக்கில்
நானும் பார்த்தேன்.
அடுத்த வரிக்குள்
கார்னெட்டின் பேருந்து வந்துவிட்டது.

பொருள் மூன்று: வியாழன் உணவு விநியோகம்.
முப்பத்தொரு குடும்பங்கள்.
ஏட்டில் அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வியாழன் வரை முப்பது.

லோவெல் மெக்கீவர், மூப்பர்,
ஆறு வருடமாய் மேசைக்கு அந்தப்பக்கம்
ஏப்ரன் கட்டி நின்றவர்.
செப்டம்பரில் ஆலை ஆட்குறைப்பு செய்தது.
அதைப் பற்றி யாரிடமும் அவர் பேசவில்லை.
அந்த வியாழன் ஏப்ரன் ஆணியில் தொங்கியது.
அவர் வரிசையில் நின்றார்,
கையில் நீலச் சீட்டு,
கண் கூரைக் குழாயில்.

டெலோரிஸ் ஹாட்செட் தலை நிமிரவில்லை.
முப்பதை அழைத்த அதே குரலில்
முப்பத்தொன்று என்றாள்.
எல்லோருக்கும் வைப்பதையே வைத்தாள்:
அரிசி, பாஸ்தா, வேர்க்கடலை வெண்ணெய்,
பீச் பழ டப்பா ஒன்று.
ஒன்றுதான். நான் எண்ணினேன்.
இரண்டு வைத்திருந்தால்
அவர் திரும்பி வந்திருக்கமாட்டார்.

வந்தார்.
பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு
கதவு வழியே குளிரோடு உள்ளே வந்து
ஏப்ரனை ஆணியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டார்.
கொடுக்க யாரும் மிச்சமில்லை.
சிந்திய மாவைப் பெருக்கினார்.

இன்றிரவு இதே மேசையில், எனக்கு நேர் எதிரே.
எண்ணிக்கையை வாசித்தேன்.
திருத்தம் ஏதும் உண்டா என்றார் போதகர்.
கொதிகலனுக்குப் பதிலாகக் கடன் வாங்கிய ஹீட்டர்
கடகடவென்று சுற்றியது.
"எண் சரிதான்" என்றார் லோவெல்.

ஒன்பது பத்துக்கு ஜெபத்துடன் கூட்டம் நிறைவுற்றது
என்றெழுதிக் கையொப்பமிட்டேன்.
அது பொய்.
வெளியே எல்லாக் கார்களும் பனிக்குள் இருந்தன.
ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் சுரண்டி,
எர்லின் செத்த பாட்டரிக்கு
லோவெலின் காரிலிருந்து கம்பி இழுத்து,
இயந்திரம் உறுமும்வரை கால்மாற்றி நின்று
யாருடைய முழங்கால் அறுவை எந்தக் கிழமை,
அன்றைக்கு யார் சூப் கொண்டுபோவது என்றெல்லாம்
பேசி முடிக்கப் பத்தேகால்.

யாரும் முன்மொழியவில்லை.