கோட்டுக்கு அப்பால்

அனுமதிக் கடிதத்தில் ஒரு முதலைதான்.
மீன்பண்ணைத் தவுக்கே கையை விரித்துக் காட்டியது
எழுத்தில் ஒன்பதடி ஆகியிருந்தது.
வியாழன் இரவு, வெள்ளி இரவு செல்லும்.
இது வெள்ளி.

லிம் சூ காங் படகுத்துறை.
ருஸ்லான் என்ஜின் கயிற்றை
மூன்றாம் முறை இழுத்தான்.
டெங் ஹாக் தன் கோப்பிப் பையை
விளிம்பிலிருந்த ஆணியில் மாட்டினான்.
முன்னால் நான்.
நெற்றியில் விளக்கு, மடியில் கம்பிச் சுருக்கு,
சட்டைப் பையில் கறுப்பு ஒட்டுநாடா.

மூடுகிற வாய்க்குத்தான் எல்லா வலுவும்.
திறக்கிற வாயை
நாலு சுற்று ஒட்டுநாடா நிறுத்திவிடும்.
பதினோரு வருஷம் இந்த வேலையில் கற்றதில்
வீட்டுக்கும் உதவுவது இது ஒன்றுதான்.

படகு பதின்மூன்றடி.
அதில் ஒன்பது முதலைக்குப் போனால்
மிச்ச நாலடியில் மூணு பேர் என்று
ருஸ்லான் கணக்குச் சொன்னான்.
சிரித்தோம்.

கொடுவா வலையில் ஓட்டை விழுந்த பக்கம்
அலையாத்தி வேர்களை ஒட்டித்
துடுப்பில் போனோம், என்ஜினை அணைத்து.
ஜொகூர்க் கரை விளக்குகள்
தண்ணீரில் நீண்டு நீண்டு உடைந்தன.
உடையாமல் இரண்டு சிவப்பு.
யாரோ காரை நிறுத்திவிட்டு
பிரேக்கில் கால் வைத்தபடியே
தூங்கிப்போனது போல.

கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே
எத்தனை அங்குலமோ
அத்தனை அடி உடம்பு.
ஒன்பது.
இன்னும் முடியவில்லை.
பதினொன்று.
பதின்மூன்று வரை வந்து
எண்ணுவதை விட்டேன்.
ருஸ்லானும் எண்ணியிருக்க வேண்டும்.
இந்த முறை அவன் கணக்கு எதுவும் சொல்லவில்லை.

சுருக்கு மூக்கைத் தாண்டியது,
கன்னத்தைத் தாண்டியது.
இழுத்தேன்.

அது துள்ளவில்லை, புரளவில்லை.
வாயைக்கூடத் திறக்கவில்லை.
வேறு வேலை ஞாபகம் வந்த ஆளைப் போல
வடக்கே திரும்பிப் போக ஆரம்பித்தது,
எங்களையும் கூட்டிக்கொண்டு.

கையளவுத் திரையில்
நாங்கள் ஒரு பச்சை முக்கோணம்,
எல்லை ஒரு சிவப்புக் கோடு.
ருஸ்லானின் மனைவி வீடு கூலாயில்.
வாராவாரம் பாலத்தில்
மூன்று மணி நேரம் நிற்கிறவன் அவன்.
அதே கரைக்கு இப்போது
வரிசையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தோம்.
என்ஜினை உசுப்பிப் பின்னால் முறுக்கினான்.
படகு நடுங்கியது, நிற்கவில்லை.
திரை கீச்சிட்டது.
தூரத்தில் காவல் படகொன்று
நீல விளக்கைச் சுழற்றியது.

போத்தோங், போத்தோங் என்று கத்தினான் ருஸ்லான்.
வெட்டச் சொல்கிறான் என்று தெரியும்.
எட்டாத கத்தியா? காலடியில்தான் கிடந்தது.
கைதான் கயிற்றை விடவில்லை.

முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா.
ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது.
முதலை அங்கே எதையும் பிடித்திருக்கவில்லை.

டெங் ஹாக்தான் குனிந்து அறுத்தான்.
நான் பின்னால் விழுந்தேன், அவன் மேல்.
கோட்டுக்கு அப்பால்
தண்ணீர் ஒரு முறை மடிந்து
நேரானது.
ஆணியில் கோப்பி ஆடிக்கொண்டிருந்தது,
ஒரு சொட்டும் சிந்தாமல்.
மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம்.
உள்ளங்கையில் கயிறு ஓடிய தடம் எரிந்தது.

அறிக்கையில் நீளம் என்ற கட்டத்தில்
ஒன்பது என்றே எழுதினேன்.
தப்பிய காரணம்: நீரோட்டம்.

எழுதாதது ஒன்று உண்டு.
சுருக்கு அதன் கழுத்தில்தான் இருக்கிறது.
அதில் விரல் நீளத் தகடு,
தகட்டில் எங்கள் கம்பெனியின்
இருபத்துநாலு மணி நேரத் தொலைபேசி எண்.
இரவில் அந்தத் தொலைபேசி என்னிடம்.

அறுபதில் தொடங்கும் எண் ஒளிர்ந்தால்
எடுக்குமுன் ஒரு கணம்
உள்ளங்கையைப் பார்த்துக்கொள்கிறேன்.
பெரும்பாலும் ருஸ்லான்தான்.
பாலத்தில் கூட்டம், திங்கள் தாமதமாக வருவேன்,
தவுக்கேயிடம் சொல்லிவிடு என்பான்.