பதினேழாவது கம்பம்

பதினேழாவது கம்பம் வரை அவர்கள் பராமரிப்பு,
பதினெட்டிலிருந்து எங்களுடையது.
நடுவே தொய்ந்த கம்பியின் கீழே
எல்லை எதுவென்று ஏரிக்குத் தெரியாது
என்று எழுத ஆசைதான்.
தெரியும்.
இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் இறால் குட்டை.

கார்த்திகை முடிந்த வாரம்
முழங்கால் தண்ணீரில் கிடந்தது.
சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை,
பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடு
கரித்துண்டால் குழந்தை இழுத்ததுபோல.
"அன்னமாண்ணே?" என்றான் கேங்மேன் பையன்.
வாத்துடா. வரித்தலை வாத்து.
பாலையும் நீரையும் பிரிக்காது.
கம்பியையும் வானத்தையும்கூடப்
பிரிக்கத் தெரியவில்லை பார்.
சொன்ன பிறகு
வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

வனக்காவலர் சகாயமேரி படிவம் எடுத்தார்.
இறந்த இடம்: ஏரி.
மாநிலம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தலை வடக்கே, கால் தெற்கே.
"இமயமலையை ராத்திரியில் தாண்டி வருது இது,
மூச்சுக்குக் காற்றில்லாத உயரம்.
உங்க கம்பி எத்தனை அடி?"
இருபது என்றேன்.
அதை அவர் எழுதவில்லை.

பெஞ்சலய்யா அந்தக் கரை லைன்மேன்.
பேச்சில் பாதி தெலுங்கு, பாதி பீடி.
தடாவில் அவன் மச்சானின் வீடியோ கடை மூடி
மூட்டை மூட்டையாய் சிடி கிடக்கிறதாம்.
மின்னுமே, கட்டிவிட்டால் என்ன?
இரண்டு ஆபீஸிலும் கேட்டோம்.
இரண்டு மொழியில் ஒரே பதில்:
அப்படி விதி இல்லை.
"கூடாதுன்னும் விதி இல்லையே" என்றான்.

எல்.சி. வாங்கிய காலையில்
முதலில் வந்து இறங்கியது ரமணா ரெட்டியின் பைக்.
ஏரேட்டர் நின்றால் இறால் மூச்சடைத்துச் சாகும்,
குட்டைக்கு எட்டு லட்சம்,
யார் தருவது, உன் வாத்தா?
அவர் சொன்னதில் பொய் இல்லை.
நாற்பது நிமிஷம் கொடுத்தார்
வாட்ச்சைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.

நாங்கள் ஏற ஏற
ஏணி சேற்றில் இறங்கியது.
நைலான் கயிற்றில் ஒவ்வொன்றாய்க் கட்டினோம்:
நாயுடுபேட்டை முகூர்த்தம்,
யாரோ ஒருத்தியின் சீமந்தம்,
காதுகுத்து,
பேர் அழிந்த ஒரு ரிசப்ஷனின் இரண்டாம் பாகம்.
அறியாத மாப்பிள்ளைகள் ஏரிக்கு மேலே
காற்றில் சுழன்றார்கள்.
இருபத்தாறு தட்டோடு நேரம் முடிந்தது.
மீதி ஒன்பது இடைவெளி வெறும் கம்பி.

பொழுது சாய,
மேற்கு வெளிச்சம் தட்டுகளில் பட்டுத்
தண்ணீர் முழுக்கப் பொட்டுப் பொட்டாய் ஓடியது.
வந்தன.
எங்கள் இடைவெளிக்கு முன்னால்
ஒரு மூச்சு உயர்ந்து,
வேட்டியைத் தூக்கிப் பிடித்து
வாய்க்காலைத் தாண்டுகிறவர்கள்போல்
தாண்டின.
பையன் விசில் அடித்தான்.
நான் அடுத்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் பெஞ்சலய்யா:
"இன்னும் நாலு மூட்டை இருக்கு.
அதில் ரெட்டி கல்யாண சிடியும் இருக்கு.
அதைக் காட்டி ஒரு மணி நேரம் கேட்கலாம்."

சிரித்தேன்.
அதற்குள் இருட்டிவிட்டது.
தட்டுகள் இருந்த இடம் தெரியவில்லை.
மேலே எங்கோ இன்னொரு கூட்டம்
ஒன்றையொன்று கூப்பிட்டபடி இறங்கியது.
காதைக் கொடுத்து நின்றேன்,
ஒன்பதில் எதிலாவது
கம்பி அதிர்கிறதா என்று.