இடைச்செருகல்

சாஸ்கட்டூன். பிற்பகல் மூன்று மணிக்கும்
சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
நூலகத்துச் சுவரில் ஒரு வாய்.
திருப்பித் தரும் புத்தகங்கள்
பனித்தூளோடு வந்து விழும்.
உள்ளே தள்ளுவண்டி; ஸ்பிரிங் வைத்த பலகை
பாரம் ஏற ஏறத் தாழும்.

தகுதியற்ற ஏட்டைத் தள்ளிவிடும் பலகையொன்று
பொற்றாமரைக் குளத்தில் மிதந்ததாகப் படித்தவன் நான்
(தமிழ் எம்.ஏ., முதல் வகுப்பு;
இப்போது பகுதிநேரமாகப் புத்தகம் அடுக்குகிறேன்).
இந்தப் பலகைக்கு எடை மட்டும்தான் தெரியும்.

செவ்வியலுக்குப் பொன்னிற வில்லை,
இடுப்பளவு உயரத்தில் அடுக்கு.
மிகைபுனைவுக்கு நகமளவு டிராகன்,
தரையோடு தரையாக.
யார் வகுத்த வருணம் என்று நான் கேட்டதில்லை.
எனக்கும் அதில் உடன்பாடுதான்.

செவ்வாய்தோறும் ஒரு பிழை.
பொன்வில்லைகளுக்கு நடுவே
செங்கல் தடிமனில் ஒரு டிராகன்.
ஐந்தாம் பாகம்.
எடுத்துக் கீழே வைப்பேன்.
அடுத்த செவ்வாய் மறுபடி மேலே.
இடைச்செருகல் என்று சிரித்துக்கொண்டேன்:
மூலப் பாட்டு எது,
பின்னால் எவனோ நுழைத்தது எது என்று
மோப்பம் பிடிக்கப் பழகிய மூக்கு.

நாலாம் முறை, நின்றபடியே ஒரு பக்கம்.
உவமைகளுக்கு ஊளைச்சதை.
அரசர்களுக்கெல்லாம் மருந்துக் குப்பிப் பெயர்கள்.
நூறு பக்கம் தாராளமாக வெட்டலாம்.
பிறகு, போர் முடிந்த இரவில்
ஒருத்தி
செத்தவர்களின் செருப்புகளை
ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.
ஒற்றைச் செருப்பு மிஞ்சியது.
மடியில் வைத்துக்கொண்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.
நானும் நின்றிருந்தேன், கோட்டைக் கழற்றாமல்.

பறக்கும் பல்லியை நம்புவதா என்றது படித்த புத்தி.
போர்க்களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சியதை
அசை பிரித்து, வாய்பாடு எழுதி
எண்பத்திரண்டு மதிப்பெண் வாங்கினாயே,
பேயை நம்பியா வாங்கினாய்?

ஒருநாள் ஆளைப் பிடித்தேன்.
டெல்மர். தாடியில் பனி உருகிக்கொண்டிருந்தது.
முகவரி இல்லை, அதனால் அட்டை இல்லை.
வாரம் நாற்பது பக்கம், ஹீட்டர் பக்கத்தில்.
"கீழே இருந்தால் யாராவது கொண்டுபோய்விடுகிறார்கள்.
இங்கே" (பொன்வில்லைகளை விரலால் தடவினார்)
"ஒருத்தரும் வருவதில்லை. பத்திரம்.
ஆனால் எவனோ ஒருவன்
எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறான்."

என் முதல் வகுப்பு
சற்றுநேரம் வாயைத் திறக்கவில்லை.

இது நிற்குமா என்று கேட்டால்
அந்த ஒற்றைச் செருப்பு நிற்கும்,
அரசர்களின் பெயர்கள் உதிரும்.
அதுவரைதான் என்னால் சொல்ல முடியும்.
மேலே இருப்பவற்றிலும்
உதிரவேண்டியவை உண்டு. அவற்றை
உரை எழுதிக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

அடுத்த வாரம் கணக்கெடுப்பு என்றார் மேலாளர் கார்லா.
ஒரு புத்தகம்கூட இடம் மாறி இருக்கக் கூடாதாம்.
ஆகட்டும் என்றேன்.

இன்று செவ்வாய். கையில் ஆறாம் பாகம்,
அறுநூற்றெண்பது பக்கம்.
பொன்வில்லைகளை நெருக்கி இடம் செய்கிறேன்.
யாரும் தொடாமல் முதுகு விறைத்த ஒரு நூல்
முனகிக்கொண்டே
நகர்கிறது.