வளையம் நின்ற இடம்

கூர் நகரில், பிளெசூர் ஆற்றுக்கு இப்பால்,
கேபிள் கார் கிளம்பும் இடத்திலிருந்து நாலு கட்டடம் தள்ளி
வாடகை சைக்கிள் கடையில் எனக்கு வேலை.
வருபவரிடம் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
உங்கள் எடை என்ன?

பையன்கள் இரண்டு கிலோ கூட்டுவார்கள்.
அவர்களின் அப்பாக்கள் எட்டு குறைப்பார்கள்.
சொன்னதை எழுதிக்கொண்டு
பார்த்ததற்குக் காற்றடிப்பேன்.

முன்கவையின் பளபளக்கும் தண்டில்
கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று உண்டு.
பச்சைக் குழந்தையின் கைக்குத்தான் பொருந்தும்.
பாறையில் விழுந்து சைக்கிள் எவ்வளவு அமிழ்ந்ததோ
அவ்வளவு மேலே தள்ளுண்டு
அங்கேயே நின்றுவிடும்.
காலையில் இறக்கி அனுப்புவேன்.
மாலையில் குனிந்து பார்ப்பேன்.

சூரிச்சிலிருந்து வந்தவர் டவுன்ஹில்தான் வேண்டுமென்றார்.
இருநூறு மில்லிமீட்டர் அமிழும் கால்கள்,
மேட்டைக் கண்டால் படுத்துவிடும் எருமை,
கம்பியில் தொங்கிப் போய்
மலையிலிருந்து விழ மட்டும் கற்றது.
முகம் மூடிய தலைக்கவசம், மார்புக்கவசம், நெற்றியில் காமிரா.
மாலையில் வளையம் ஒரு விரல்கூட ஏறவில்லை.
டயரில் உணவகத்து முற்றத்தின் வெள்ளைப் பொடிக்கல்.
முழு நாள் வாடகை வாங்கிக்கொண்டு
'நல்ல ஓட்டமா?' என்று கேட்டேன்.
'பயங்கரம்' என்றார்.

உர்சினாவுக்கு எலும்பும் தோலுமான கிராஸ் கன்ட்ரி,
பின்னால் வில்லே கிடையாது.
பல் மருத்துவமனை திறக்குமுன் உச்சிக்குப் போய்த் திரும்புவாள்.
வளையம் அசைந்திருக்காது,
குறுக்குச் சட்டத்தில் மட்டும் உப்புப் பூத்திருக்கும்.

மின்சார சைக்கிளை ஒற்றையாகக் கேட்கும் தம்பதிக்கு
இரண்டாகத்தான் கொடுப்பேன்.
ஒருவருக்கு மோட்டார், ஒருவருக்கு மூச்சு என்றால்
அந்த மேட்டில் கல்யாணம் தாங்காது.

பனிக்காலத்தில் ஃபேட் பைக்.
தலையணை போல் டயர், வில்லும் இல்லை, வளையமும் இல்லை.
போனவர்கள் சிரித்துக்கொண்டு வருகிறார்கள்,
ஏனென்று எனக்குத் தெரிய வழியில்லை.

டிரெயில் சைக்கிள் நடுவாந்தரம்.
முணுமுணுத்து ஏறும், குறை சொல்லாமல் இறங்கும்.
ஜூலையில் ஒருத்தி வந்தாள். அறுபத்திரண்டு என்றாள்,
கிராம் பிசகாத உண்மை.
திரும்பியபோது வளையம் தண்டின் கடைசிக்கே போய்
இனிப் போக இடமில்லாமல் நின்றது.
எங்கே போனீர்கள்?
'சும்மா, கீழேதான்' என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பதினோரு வருடம்.
பழுது பார்த்த ஒவ்வொன்றையும் நான் ஓட்டியிருக்கிறேன்,
தண்ணீர்க் குழாயிலிருந்து குப்பைத்தொட்டி வரை
பத்து மீட்டர் தார், பிறகு திருப்பிப் பத்து.

செப்டம்பர், செவ்வாய், தூறல். ஆளில்லை.
ஜான்-அந்திரி பம்பும் கையுமாக வந்து கேட்டான்:
நிரோ, எடை என்ன?
ஐந்து குறைத்துச் சொன்னேன்.
அவன் எழுதிக்கொண்டான்.
பார்த்ததற்குக் காற்றடித்தான்.

மேலே மூட்டம். ஈர வேர்கள் பாதை முழுக்க
விலாங்கு மீன்களாய்க் கிடந்தன.
பிரேக்கை இறுக்கி இறுக்கி விரல் மரத்தது.
இரண்டு இடத்தில் இறங்கித் தூக்கி நடந்தேன்,
ஒரு மாடு பார்த்துக்கொண்டிருந்தது.
மூன்றாவது இடத்தில் இறங்க நேரமிருக்கவில்லை.
படியளவு கல். வயிறு தனியாக வந்து சேர்ந்தது.
வாயில் என்ன சொல்லோ வந்தது,
ஜெர்மனில் இல்லை.

கடைமுற்றத்தில் விளக்கைப் போட்டுக் குனிந்தேன்.
நாலு விரல். கடைசி இல்லை, பாதிக்கு மேல்.
துணியால் தண்டைத் துடைத்தேன்,
வளையத்தைத் தொடாமல் சுற்றி.

மறுநாள் காலை அதே சைக்கிளைக் கேட்டவரிடம்
மன்னிக்க வேண்டும், பிரேக் சரியில்லை என்றேன்.