டியர் முனுசாமி

ஐம்பத்து மூன்றாவது கடிதமும்
அப்பாவுக்குத்தான் வந்தது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டார்கள்.
எங்கள் வீட்டில் குடும்பம் இருந்தது,
அதற்கென்று தனியாகப் பெயர் இல்லை.
குணவதிக்கு முன்னால் நின்ற 'மு'வை விரித்துப்
பின்னால் போட்டுவிட்டார்
வேலூர் கவுன்டரில் ஒருவர்.
அன்றிலிருந்து
லீட்ஸ், ஹல், பிரிஸ்டல் என்று
ஊர் ஊராக அப்பாவிடம் வருத்தம் தெரிவிக்கிறார்கள்.
டியர் முனுசாமி,
இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை.

அவர் போய் எட்டு வருடம்.
பேரணாம்பட்டுத் தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழி.
கையெழுத்துப் போடுவார்,
அதுவும் சம்பளத்தன்றைக்கு மட்டும்.

எபி,
உன் படிப்பு விசாவில் மனைவிக்கு இடமில்லை.
வருவதென்றால் என் காலில் நான் வரவேண்டும்,
அந்தக் காலுக்கு ஒரு கம்பெனி பொறுப்பேற்க வேண்டும்.
ஸ்பான்சர்னா என்ன, மொய்யா? என்றாள் அம்மா.
கிட்டத்தட்ட, என்றேன்.

காலை ஐந்தரைக்குக் கம்பெனி வேன்.
ஆம்பூர் வரும்வரை பாதித் தூக்கம்.
அங்குலத்துக்குப் பத்துத் தையல் இருக்கிறதா என்று
கட்டைவிரல் நகத்தால் எண்ணுவது என் வேலை.
ஒன்பதென்றால் தூக்கிப் போடுவேன்.
பதினொன்றும் ஆகாது, தோல் கிழியும்.
நாளைக்கு நானூறு ஜோடி
என் நகத்தைத் தாண்டிக் கப்பலேறுகின்றன.
அவற்றிடம் யாரும் ஆங்கிலப் பரீட்சை கேட்பதில்லை.

என்னிடம் கேட்டார்கள்.
உங்கள் ஊர் ஆற்றை வர்ணியுங்கள்.
மணல், என்றேன்.
மேலே சொல்லுங்கள்.
லாரி, என்றேன்.
பாலாற்றுக்கு ஆறரை மார்க் கிடைத்தது.

நவம்பரில் நீ ஒரு படம் அனுப்பினாய்.
லெஸ்டரில் ஏதோ கடைக் கண்ணாடி,
உள்ளே பழுப்பு ஷூ, கண்ணாடியில் உன் நிழல்.
"உன் கை பட்டதான்னு பாரு."
பெரிதாக்கிப் பார்த்தேன்.
குதிகால் பக்கம் ஒரு தையல் தாவியிருந்தது.
எங்களுதுதான், ஆனா நான் லீவு போட்ட அன்னிக்கு,
என்று எழுதினேன்.
எழுதிவிட்டு வெகுநேரம்
ஒரு ஜோடி ஷூவின் மேல் பொறாமையாய்ப் படுத்திருந்தேன்.

காட்பாடி ரோட்டில் ஒரு ஏஜென்ட்
எட்டு லட்சம் என்றான். கேரன்டி என்றான்.
அவன் பின்னால் மாட்டியிருந்த போர்டில்
'வெளிநாடு' என்பதில் கொம்பு இல்லை.
ஒன்பது தையல்.
எழுந்து வந்துவிட்டேன்.

தை பிறந்து மூன்றாம் நாள்,
சாப்பாட்டு மணி அடித்தபோது:
டியர் முனுசாமி,
மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

முதியோர் இல்லம். இரவு வேலை.
குளிப்பாட்ட, துடைக்க, மாத்திரை தர,
விடிந்ததும் காலணி மாட்டிவிட.
ஊர் பெர்விக். எழுத்தில் டபிள்யூ இருக்கிறது,
வாயில் வரக்கூடாதாம்.
பெரிக் என்று சொல்லிப் பார்த்தேன்,
யாரோ விக்குவது போல் இருந்தது.
உன் அறையிலிருந்து ரயிலில் நாலரை மணி நேரமாம்,
நடுவில் ஒருமுறை மாறவேண்டுமாம்.

இத்தனைக்கும் பிறகு
இன்னொரு ஊரிலா இருக்கப்போகிறோம்
என்று நீ போனில் கேட்டாய்.
பதில் சொல்லத் தெரியவில்லை.
லைனில் இருந்த நஸ்ரீன் அக்காதான் சொன்னாள்:
"நாலரை மணி நேரம்னா
கன்யாகுமரி கூட இல்லடி, போடி."

அப்பா கடைசிவரை ஷூ போட்டதில்லை.
சுண்ணாம்பு தின்ற பாதம்
எதற்குள்ளும் நுழைய மறுத்தது.
தெரியாத கிழவர்களின் பாதங்களை
இனி நான் தினமும் மடியில் வைத்துக்கொள்வேன்,
சம்பளத்துக்கு.

சம்மதம் என்ற கட்டத்தில்
முழுப் பெயரும் எழுதினேன்.
முனுசாமி என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது.

மார்ச் ஒன்பது, காலை விமானம்.
நீ வந்து நில்.
முதலில் உன் காலைத்தான் பார்ப்பேன்,
கோபித்துக்கொள்ளாதே.